அணியும் அகராதியும்: ஒன்றா, இரண்டா?

நிரல்மொழி ஒன்றை வடிவமைப்பவர் தொடக்கத்திலேயே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தரவைத் தொகுத்து வைக்க எத்தனை வகைக் கொள்கலன்களைத் தருவது? 0, 1, 2 என்று எண்ணிட்டு வரிசையாக அடுக்கிய மதிப்புகளுக்கு அணி. ஒரு பெயரையோ வேறொரு சாவியையோ கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் திருப்பித் தருவதற்கு அகராதி. சி, பாஸ்கல் போல மாறியின் வகையை முன்கூட்டி அறிவிக்கும் மொழிகளில் இந்தக் கேள்வி அவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. அங்கே அணியின் உறுப்புகள் எல்லாம் ஒரே வகை, பெயரிட்ட புலங்களைத் தொகுக்கும் பதிவிலோ அந்தப் புலங்கள் நிரலிலேயே எழுதப்பட்டவை. இரண்டையும் கலக்க நிரல்பெயர்ப்பி விடாது.

இயங்கும்போதே மதிப்பின் வகையைப் பார்த்துக்கொள்ளும் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, லுவா போன்ற மொழிகளில் அந்தத் தடை இல்லை. ஒரே கொள்கலனுக்குள் எண்ணும் சரமும் இன்னொரு கொள்கலனும் கலந்திருக்கலாம் என்றால், சுட்டெண்ணும் சாவியும் மட்டும் ஏன் வேறு வேறாக இருக்க வேண்டும்? 3 என்பதும் ஒரு சாவிதானே? இக்கேள்விக்கு அறுபது ஆண்டுகளாக மொழிகள் தந்துவந்த விடைகளையும், அவை பிறந்த சூழலையும், அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

பட்டியலிலிருந்து ஹாஷ் அட்டவணைக்கு

ஜான் மெக்கார்த்தி 1960இல் வெளியிட்ட லிஸ்ப் கட்டுரையிலேயே, சாவியும் மதிப்புமாக இணைகளைக் கோத்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடும் முறை இருக்கிறது. அங்கே அகராதி தனிக் கட்டமைப்பு அல்ல. பட்டியலின் ஒரு பயன்பாடு. பத்து இணைகள் இருந்தால் சிக்கலில்லை. பத்தாயிரம் இருந்தால் ஒரு தேடலுக்குச் சராசரியாக ஐயாயிரம் ஒப்பீடுகள் தேவைப்படும்.

இதற்கான தீர்வு லிஸ்ப்புக்கு முன்பே பிறந்திருந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953இல் எழுதிய உள்சுற்றுக் குறிப்பு ஒன்று, சாவியிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்துக்கு நேரே போய்விடலாம் என்றது. இன்று ஹாஷ் அட்டவணை என்று அழைக்கப்படுவது இதுவே. அட்டவணையின் உள்ளே இருப்பது சாதாரண அணிதான் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. கருத்தளவில் அணி என்பது எண்களைச் சாவியாகக் கொண்ட ஒரு சிறப்பு அகராதி. கட்டுமான அளவிலோ அகராதி அணியின் மேல் எழுப்பப்பட்டது. இரண்டு பக்கமும் உண்மை இருப்பதால்தான் விவாதம் இவ்வளவு நீண்டிருக்கிறது எனலாம்.

பெல் ஆய்வகத்தின் ஸ்னோபால் 4 மொழியில் இருந்த அட்டவணைகள், அதே ஆய்வகத்தில் 1977இல் ஆல்ஃபிரட் ஏஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிகன் ஆகியோர் உருவாக்கிய ஆக் மொழிக்கு முன்மாதிரியாயின. ஆக் மொழியில் அணி என்று பெயர் பெற்றது முழுக்க முழுக்க அகராதி. சுட்டெண்கூடச் சரமாகவே மாறும். ஒரு கோப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதை ஒரே வரியில் எண்ணிவிடும் அந்த எளிமை, பின்னால் வந்த மொழிகள் பலவற்றை ஈர்த்தது. குறைகளும் அப்போதே தெரிந்தன. இல்லாத சாவி ஒன்றைப் படித்துப் பார்த்தாலே அது உருவாகிவிடும். உறுப்புகளைச் சுற்றிவரும்போது எந்த வரிசையில் வரும் என்பதற்கும் உறுதி இல்லை.

ஒன்றே போதும் என்ற விடை

ஒருங்கிணைந்த கொள்கலனை மிகப் பரவலாக்கிய மொழி பிஎச்பி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட இந்த மொழி வலைப்பக்கங்களுக்கானது. படிவம் நிரப்பி அனுப்பினால் வருவது பெயரும் மதிப்புமான இணைகள். தரவுத்தளத்திலிருந்து வரும் ஒரு வரிசையை நெடுவரிசை எண்ணாலும் எடுக்கலாம், பெயராலும் எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே 'அரே'யில் வைப்பது அந்தச் சூழலுக்குப் பொருந்தியது. புதிதாகக் கற்பவர் ஒரே ஒரு கட்டமைப்பைக் கற்றால் போதும் என்பதும் வலுவான வாதமே. பிஎச்பியின் பரவலில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கக்கூடும்.

சங்கடங்கள் எல்லைகளில் தோன்றுகின்றன. சரமாக '8' என்று கொடுத்த சாவி முழு எண் 8 ஆகிவிடும். '08' சரமாகவே நிற்கும். ஆதலால் வெளியிலிருந்து வரும் அடையாள எண்களைச் சாவியாக வைத்தால், சிலவற்றின் வகை மட்டும் மாறியிருக்கும். இதைவிட அடிக்கடி தொல்லை தருவது வடிகட்டுதல். ஐந்து உறுப்புகள் உள்ள ஒரு பட்டியலில் நடுவே இரண்டை நீக்கினால், மீதமுள்ளவை 0, 2, 4 என்ற பழைய சாவிகளோடே இருக்கும். நிரலுக்குள் இது தெரியாது. ஜேசான் என்னும் தரவுப் பரிமாற்ற வடிவத்துக்கு மாற்றி உலாவிக்கு அனுப்பும்போது, சாவிகள் தொடர்ச்சியாக இல்லாததால் அது பட்டியலாகப் போகாமல் சாவி-மதிப்புப் பொருளாகப் போகிறது; மறுமுனையில் பட்டியலை எதிர்பார்த்த நிரல் உடைகிறது. ஓர் அரே உண்மையில் பட்டியல்தானா என்று சோதிக்கும் சார்பை 2021இல் வந்த பிஎச்பி 8.1 சேர்த்தது. மொழி பிறந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சோதனை தேவைப்பட்டது என்பதே, மறைத்து வைத்த வேறுபாடு நிரலர்களின் வேலையில் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்குச் சான்று.

மொழியின் உட்புறமும் இதையே சொல்கிறது. 2015 டிசம்பரில் வெளிவந்த பிஎச்பி 7, சாவிகள் ஏறுவரிசை எண்களாக அமைந்த அரேக்களைத் தனியே கண்டறிந்து, ஹாஷ் பகுதி இல்லாமல் அடர்த்தியாக அடுக்கத் தொடங்கியது. அப்போது உறுப்பொன்றுக்கு 32 பைட் பிடித்தது, 2022இன் 8.2 பதிப்பில், தானே தெரிந்துகொள்ளக்கூடிய சாவியை எழுதி வைப்பதையும் விட்டுவிட்டதால் அது 16 பைட்டாகக் குறைந்தது. நிரலருக்கு ஒன்று, இயந்திரத்துக்கு இரண்டு.

லுவாவின் கதை வேறு. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரோபெர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, வால்தெமார் செலெஸ், லூயிஸ் என்ரிக் டி ஃபிகெய்ரெடோ ஆகிய மூவரும் 1993இல் உருவாக்கிய மொழி இது. பெரிய மென்பொருள்களுக்குள் பொதிந்து வைக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதே அவர்களது முதல் நோக்கம். அதனால் 'டேபிள்' ஒன்றே கட்டமைப்பு. அணி, அகராதி, பொருள், தொகுதி எல்லாம் அதுவே. ஆனால் பிஎச்பியின் சாவி மாற்றங்கள் இங்கே கிடையாது: எண் 1 வேறு, சரம் '1' வேறு. 2003இல் வந்த லுவா 5.0, ஒவ்வொரு டேபிளையும் உள்ளுக்குள் அணிப் பகுதி, ஹாஷ் பகுதி என்று பிரித்தது. 1 முதல் குறிப்பிட்ட எண்வரை உள்ள இடங்களில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் அந்த எண்வரை அணிப் பகுதியில் வைக்கும். இதுவரை வெளிவந்த ஒருங்கிணைந்த வடிவமைப்புகளில் மிகத் தெளிவானது இதுவே என்பது என் மதிப்பீடு. அப்படியிருந்தும் ஒரு விரிசல் அடைபடவில்லை. 'நில்' என்ற வெற்று மதிப்பை இடுவது உறுப்பை நீக்குவதற்குச் சமம் என்பதால், நடுவே ஓட்டை விழுந்த டேபிளின் நீளம் என்ன என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஓட்டைக்கு முன்னுள்ள எல்லையையும் சொல்லலாம், பின்னுள்ளதையும் சொல்லலாம் என்று லுவாவின் கையேடே அனுமதிக்கிறது. நீளம் என்பது அணிக்குரிய கருத்து. அகராதியிடம் அதைக் கேட்டால் வரும் தடுமாற்றம் இது.

ஜாவாஸ்கிரிப்ட் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பிரெண்டன் ஐக் 1995இல் எழுதிய இம்மொழியில் அணிக்குத் தனிப் பெயர் இருந்தாலும், அதுவும் ஒரு பொருளே. சுட்டெண்கள் சரப் பெயர்களே. வெற்று அணியில் 99 என்ற சுட்டெண்ணில் ஒன்றை வைத்தால் நீளம் 100 ஆகும். பெயர்ச் சாவி ஒன்றை வைத்தால் நீளம் மாறாது. இத்தகைய அணிகளை வேகமாக ஓட்ட, வி8 என்னும் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் ஓட்டையில்லா அணி, ஓட்டையுள்ள அணி, முழு எண் மட்டும் உள்ளது, தசமம் உள்ளது என்று உள்ளே பல வகைகளாகப் பிரித்துக் கண்காணிக்கிறது.

வெற்றுக் கொள்கலன் ஒன்றை அடுத்த கணினிக்கு அனுப்பும்போது நடப்பது, இந்தப் பகுதியின் சாரத்தைச் சோதித்துப் பார்க்கும் எளிய வழி. ஜேசானில் வெற்றுப் பட்டியலும் வெற்றுப் பொருளும் வேறு வேறு குறிகள். லுவாவின் வெற்று டேபிளோ பிஎச்பியின் வெற்று அரேயோ எது என்பதை அதனிடமிருந்தே அறிய முடியாது. நிரலர்தான் வெளியிலிருந்து சொல்ல வேண்டும்.

பிரித்து வைத்தவர்கள்

லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல், அணிக்கு ஒரு முன்குறி, ஹாஷுக்கு வேறு முன்குறி என்று எழுத்திலேயே பிரித்தது. கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைத்தானில் லிஸ்ட்டும் டிக்ஷனரியும் தனித்தனி. யுகிஹிரோ மாட்சுமோட்டோவின் ரூபியும் அவ்வாறே. இந்த முகாமின் வாதம் எளிது: இரண்டுக்கும் பொருத்தமான செயல்கள் வேறு. நடுவில் ஒன்றை நீக்கினால் பின்னுள்ளவை முன்னே நகர வேண்டும் என்பது அணியின் இயல்பு. அகராதியில் எதுவும் நகரக் கூடாது.

இதற்கும் விலை உண்டு. லிஸ்ட், டியூப்பிள், செட், டிக்ஷனரி என்று கற்பவர் முன் தேர்வுகள் பெருகுகின்றன. பிரிவு தொடங்கினால் இரண்டோடு நிற்பதும் இல்லை. பைத்தானின் லிஸ்ட் மதிப்புகளை நேராக வைத்திருப்பதில்லை. அவை இருக்கும் முகவரிகளையே வைத்திருக்கிறது. கோடிக்கணக்கான எண்களைக் கையாளும் அறிவியல் கணக்கீட்டுக்கு அது பொருந்தாததால், 2006இல் முதல் பதிப்புக் கண்ட நம்பை நூலகம் ஒரே வகை எண்களை அடுத்தடுத்து அடுக்கும் தனி அணியைக் கொண்டுவந்தது.

இவ்விவாதத்தில் ஒரு சோதனை என்று சொல்லத்தக்கது ஹேக் மொழி. ஃபேஸ்புக் நிறுவனம் பிஎச்பியிலிருந்து கிளைத்து 2014இல் வெளியிட்டது இது. பெருமளவு பிஎச்பி நிரல்களைச் சுமந்துகொண்டிருந்த ஒரு நிறுவனம், அந்த ஒற்றை அரேயைக் காலப்போக்கில் வெக், டிக்ட், கீசெட் என்று மூன்றாகப் பிரித்தது. வகைகளைச் சரிபார்க்க விரும்பும் எவருக்கும் 'இது எதுவாகவும் இருக்கலாம்' என்ற கொள்கலன் பெரிய தடை. ஜாவாஸ்கிரிப்ட்டும் 2015ஆம் ஆண்டுத் தரத்தில் பொருளிலிருந்து பிரிந்த 'மேப்' என்னும் தனி அகராதியைச் சேர்த்துக்கொண்டது. எதிர்த் திசையில், பிரிந்திருந்ததை ஒன்றாக்கிய பெரிய மொழி எதையும் சுட்டுவது கடினம்.

எவை ஒரே சாவி?

பிரிப்பதா சேர்ப்பதா என்ற வாதத்தின் சத்தத்தில், அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று போதிய கவனம் பெறவில்லை என்று தோன்றுகிறது. இரண்டு சாவிகள் எப்போது ஒன்று? வகை அறிவிக்கும் மொழியில் சாவியின் வகை முன்பே தெரியும். இங்கே எதுவும் சாவியாக வரலாம்.

பைத்தானில் 1, 1.0, மெய் என்ற தருக்க மதிப்பு ஆகிய மூன்றும் சமம் என்பதால் அகராதியில் மூன்றும் ஒரே இடத்தைப் பிடிக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டின் மேப்பில் 1 வேறு, மெய் வேறு. கட்டத்தில் ஓர் இடத்தைக் குறிக்க 10, 20 என்ற இரண்டு எண்களைச் சேர்த்துச் சாவியாக்க வேண்டும் என்று கொள்வோம். பைத்தானில் டியூப்பிள் கொடுத்தால் உள்ளடக்கத்தைப் பார்த்து ஒப்பிடும், வேலை முடிந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டின் மேப்பில் அதே எண்கள் கொண்ட இரண்டு அணிகள் இரண்டு வெவ்வேறு சாவிகள். அங்கே ஒப்பிடப்படுவது உள்ளடக்கம் அல்ல, அடையாளம். அதனால் இரண்டு எண்களையும் ஒட்டிச் சரமாக்கும் பழைய வழக்கத்துக்கே நிரலர்கள் திரும்புகிறார்கள்.

சாவியாக வைத்தபின் அது மாறிவிட்டால்? பைத்தான் மாறக்கூடிய லிஸ்ட்டைச் சாவியாக ஏற்பதே இல்லை. ரூபி அணியை ஏற்கும். பின்னால் அணி மாறினால் அகராதியை மறுபடி ஹாஷ் செய்யச் சொல்வது நிரலரின் பொறுப்பு. சரம் சாவியானால் மட்டும் ரூபி தானே ஒரு படியெடுத்து உறையவைத்துக்கொள்கிறது. பைத்தானின் கண்டிப்பு கற்பவர்களுக்கு முதலில் எரிச்சலூட்டினாலும், இவ்வழிகள் மூன்றில் பாதுகாப்பானது அதுவே.

தமிழில் எழுதுவோருக்கு இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியாக, இரண்டு குறியெண்களில், அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றில். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு தரமும் இரண்டும் சமானம் என்கிறது. ஆனால் பைத்தானின் அகராதியோ ஜாவாஸ்கிரிப்ட்டின் மேப்போ அந்தச் சமானத்தைப் பார்ப்பதில்லை; இரண்டையும் இரண்டு சாவிகளாகவே கொள்ளும். சொல்லடைவு தயாரிப்பவர் 'கொடி' என்ற சொல்லின் எண்ணிக்கை இரண்டாகப் பிளந்து கிடப்பதைக் காண நேரலாம். சாவியாக வைக்கும் முன் எல்லாச் சரங்களையும் ஒரே இயல்வடிவத்துக்கு மாற்றுவது இதைத் தீர்க்கும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்திருந்தால் அந்த மாற்றமும் உதவாது. யூனிகோடின் பார்வையில் அவை சமானமே அல்ல.

வரிசை என்னும் வாக்குறுதி

அகராதிக்கு வரிசை உண்டா என்பதில் கருத்து நேரெதிராகத் திரும்பியிருக்கிறது. இல்லை என்பதே நெடுங்காலம் பாடநூல் விடை. பாதுகாப்புச் சிக்கல் ஒன்று அதை மேலும் இறுக்கியது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலாக்கும் 2003இல் காட்டியது இது: ஒரே ஹாஷ் எண் தரும் சாவிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், அட்டவணை மறுபடியும் ஒவ்வொன்றாகத் தேடும் நீண்ட பட்டியலாகச் சீரழியும். 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்கும் ஜூலியன் வெல்டெயும் பிஎச்பி, பைத்தான், ரூபி உள்ளிட்ட பல மொழிகளின் வலைச் சேவைகளை இவ்வழியில் முடக்கலாம் என்று நிறுவிய பிறகே அவசரத் திருத்தங்கள் வந்தன. பைத்தான் 3.3 ஹாஷ் கணக்கில் தற்செயல் எண்ணைக் கலந்தது. 2013இல் பெர்ல் 5.18 சாவிகளின் வரிசையையே ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறச் செய்து, அதை யாரும் நம்பிவிடாதபடி பார்த்துக்கொண்டது.

ரூபி 1.9 முதலே இட்ட வரிசையைக் காத்துவந்தது. பைத்தானில் மாற்றம் பக்கவாட்டில் நுழைந்தது. ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012இல் முன்வைத்த அடர்த்தியான அமைப்பின் நோக்கம் நினைவகச் சிக்கனம், 2016இன் 3.6 பதிப்பில் அது அமலானபோது நினைவகத் தேவை 20 முதல் 25 விழுக்காடு குறைந்தது. சாவிகள் இட்ட வரிசையில் நிற்பது அதன் துணைவிளைவு. நிரலர்கள் அதை நம்பத் தொடங்கினர், 2018இன் 3.7 பதிப்பு அதை மொழியின் உறுதியாக்கியது. இதனால் அகராதி அணியை நோக்கி ஓரடி நகர்ந்துவிட்டது. ஆயினும் பைத்தானில் இரண்டு அகராதிகளை ஒப்பிட்டால் வரிசை கணக்கில் வராது. ஜேசான் தரமும் பொருளை வரிசையற்ற தொகுப்பு என்றே வரையறுக்கிறது. ஆகவே வரிசையைத் தகவலாக அனுப்ப வேண்டும் என்றால் அணியே பாதுகாப்பானது.

அகராதியா, பதிவா?

இன்றைய சூடான விவாதம் இங்கேதான் இருக்கிறது. ஒரு மாணவரின் பெயர், வகுப்பு, மதிப்பெண் ஆகியவற்றை அகராதியில் வைப்பதா, புலங்கள் வரையறுத்த பதிவு வகையில் வைப்பதா?

ரிச் ஹிக்கி 2007இல் வெளியிட்ட குளோஷர் மொழி, தகவலைச் சாதாரண அகராதிகளாகவே வைக்கச் சொல்லும் தரப்பின் வலுவான குரல். சேர்த்தல், தேர்ந்தெடுத்தல், ஒப்பிடுதல் என்ற பொதுச் சார்புகள் எல்லாத் தரவுக்கும் பொருந்தும். ஒவ்வொரு வகுப்புக்கும் தனிச் சார்புகள் எழுத வேண்டியதில்லை. குளோஷரின் அகராதிகள் மாறாதவை என்பதும் இந்த வாதத்தின் ஒரு தூண். மாறக்கூடிய அகராதிகள் உள்ள மொழிக்கு அதே வாதத்தை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

எதிர்வாதம் எழுத்துப்பிழையில் தொடங்குகிறது. சாவியில் ஓரெழுத்து தவறினால் பைத்தான் பிழை காட்டி நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட், லுவா, ரூபி ஆகியவை வெற்று மதிப்பைத் தந்துவிட்டுத் தொடரும். தவறு நடந்த இடத்துக்கும் வெளிப்படும் இடத்துக்கும் தொலைவு கூடுகிறது. குளோஷரே 2016இல் தரவின் வடிவத்தை விவரிக்கும் 'ஸ்பெக்' நூலகத்தை முன்வைத்தது. பைத்தான் 2018இல் டேட்டாகிளாஸையும், 2019இல் அகராதியின் சாவிகளை முன்கூட்டி விவரிக்கும் டைப்டுடிக்டையும் சேர்த்தது. பின்னது ஓட்டத்தின்போது வெறும் அகராதியே. சோதனை முழுவதும் முன்கூட்டியே நடக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வகைக் குறிப்புகளைச் சேர்த்து 2012இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் இதே வழியில் மிகத் தூரம் போயிருக்கிறது.

இயந்திரங்களின் சாட்சியமும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. 1989இல் செல்ஃப் மொழியின் ஆய்வாளர்கள், ஒரே புலங்கள் கொண்ட பொருள்களின் வடிவத்தை ஒருமுறை மட்டும் சேமித்துப் பகிரும் உத்தியைக் கண்டனர். வி8 அதையே பின்பற்றுகிறது. நிரலர் அகராதி என்று எழுதியவற்றுள் பெரும்பகுதி நடத்தையில் பதிவுதான் என்ற ஊகத்தில் நிற்பது இந்த உத்தி. அது பலன் தருவதால் ஊகமும் பெரும்பாலும் சரியே.

தீராதவை

ஒன்றா இரண்டா என்ற பழைய கேள்வியில், பொதுப் பயன்பாட்டு மொழிகளைப் பொறுத்தவரை, பிரித்து வைப்பதே வலுவான நிலைப்பாடு என்று கொள்ளலாம். பிழைகளை எண்ணி ஒப்பிட்டுப் பெற்ற முடிவல்ல இது; மொழிகள் தம்மைத் தாமே திருத்திக்கொண்ட திசையிலிருந்து பெறுவது. சிறுமையே முதன்மையான லுவா போன்ற இடங்களில் ஒற்றை டேபிள் இன்றும் நியாயமான தேர்வு.

பதிவா அகராதியா என்பதில் அப்படிச் சொல்ல முடியாது. நிரல் எழுதும்போதே சாவிகள் தெரியுமானால் பதிவு, தரவு வந்த பிறகே தெரியுமானால் அகராதி என்ற நடைமுறை விதி பெரும்பாலான இடங்களில் போதும். வெளியிலிருந்து வரும் பாதி தெரிந்த, பாதி தெரியாத தரவுக்கு அது போதாது. வகைக் குறிப்புகள் அங்கே எவ்வளவு தூரம் உதவும் என்பதில் கருத்தொற்றுமை இன்னும் இல்லை. சாவிகளின் சமத்துவம் பற்றிய கேள்வியோ ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு விதமாகவே நிற்கிறது.

தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், பைத்தானின் லிஸ்ட், டியூப்பிள், செட், டிக்ஷனரி ஆகியவற்றை ஒரே பாடத்தில் கற்பிக்கிறது. அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள், தமிழ்ச் சொற்களைச் சாவியாக வைத்து எண்ணும் பயிற்சி ஒன்றையும், எண்ணும் முன் அவற்றை இயல்வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.